பொட்டு வைத்த குழாய்கள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் ஈ வளர்ப்பது என் உத்தியோகம்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் கடையில் கொத்துப்பரோட்டா போடும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"எதை?"

"ஈயைப்பா. பழத்துல மொய்க்குமே, பொடி ஈ."

"ஏளா, இங்க நான் காலையில கடை தெறந்ததுல இருந்து துண்டை வச்சு அதைத்தான் வெரட்டிக்கிட்டுக் கெடக்கேன். ஒனக்கு அதை வளக்கச் சம்பளமா?"

"ஆமாப்பா."

"இங்கேருந்து கொஞ்சம் அனுப்பட்டுமா?"

சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று. பிறகு அவர் அம்மாவிடம் போனைக் கொடுக்கும்போது, "ஒம் மக விஞ்ஞானி ஆயிட்டா" என்று கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். களக்காட்டில் இன்று இரவுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஈ விஷயத்தை மட்டும் அப்பா சொல்லமாட்டார்.

கோயம்புத்தூர் குளிர்ச்சியாக இருக்கிறது. விடுதி அறையில் என்னோடு இருப்பவள் பெயர் ஜெனிட்டா, நாகர்கோவில்காரி. நான் சேர்ந்திருக்கும் அதே ஆய்வுக்கூடத்தில் எலிகளின் மனச்சோர்வைப் பற்றி ஆராய்கிறாள். "எலிக்கு மனச்சோர்வு வருமா?" என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "எங்கிட்ட வேலை பாக்குற எலிக்கு வராம இருக்குமா மக்கா?"

ஜூன் 5, வியாழன்

ஈக்களுக்குச் சமைத்தேன். மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கெட்டிப்படுத்த அகர். பெரிய பாத்திரத்தில் கொதிக்கவிட்டுக் கட்டி விழாமல் கிண்ட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் இது ஒழுங்காக வந்ததில்லையாம். நாற்பது பரோட்டாவுக்குச் சால்னா வைத்த கைக்கு இது ஒரு வேலையா?

மூத்த ஆய்வு மாணவர் குமரகுரு எட்டிப் பார்த்தார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். உயரமாக இருப்பதால் எதை எட்டிப் பார்த்தாலும் கொக்கு மாதிரி இருக்கிறது.

"ஏனுங்க, ஒரு கட்டிகூட இல்லீங்களே! எங்க கத்துக்கிட்டீங்க?"

"கடையில" என்றேன்.

அவர் இன்னும் நிறையப் பேசினார். நான் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

அவர் செய்யும் ஆராய்ச்சியைப் பற்றி எழுதி வைக்கிறேன். மனிதர்களுக்கு நடுக்குவாதம் வரும்போது, மூளையில் டோபமின் சுரக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகக் கெடும். எங்கள் ஈக்களுக்கும் அதே நரம்புகள் கெடும்படி மரபணுவை மாற்றியிருக்கிறார்கள். நல்ல ஈயைக் கண்ணாடிக் குழாயில் போட்டுத் தட்டினால், கீழே விழுந்த உடனே விறுவிறுவென்று மேலே ஏறும். நோயுள்ள ஈ ஏறாது. வேதியியல் துறையில் செய்த 'கே-7' என்ற ஒரு பொருளைத் தீனியில் கலந்து கொடுத்தால் ஏறுகிறதா என்று பார்க்கிறார். குழாயில் ஒரு கோடு. அந்தக் கோட்டை எத்தனை ஈ தாண்டியது என்பதுதான் கணக்கு. இதை அம்மாவுக்கு விளக்கினேன். "பாவம், ஏன் தட்டுதிய?" என்றாள்.

ஜூன் 6, வெள்ளி

இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். கேட்காதவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கி வர வேண்டும். ஆய்வுக்கூடத்தின் தலைவர் நூர்ஜஹான் மேடம் கொண்டுவந்த சட்டம். கூச்சப்படுகிறவர்களைப் பேசவைக்கத்தான்.

அடுத்த வாரம் பன் நான்தான்.

ஜூன் 13, வெள்ளி

பன் வாங்கிப் போனேன். நல்ல பேக்கரியாகப் பார்த்து, சூடாக. அடுத்த வாரமும் நான்தான். குமரகுரு என்னைக் காட்டிச் சொன்னார்: "இசக்கி பேசவே வேண்டாமுங்க. பன்னு நல்லா இருக்குது."

ஒரு ஈக்குழாயின் பஞ்சு கழன்று அறை முழுக்க ஈ. ஜெனிட்டாவின் டிபன் பெட்டியில் பாதி, மேடத்தின் கண்ணாடியில் ஒன்று. மேடம் அதைக் கவனிக்காமலே கால்மணி நேரம் எங்களைத் திட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தோம்.

ஜூன் 17, செவ்வாய்

ஆய்வுக்கூடத்தில் பெண்கள் எல்லோரும் மூத்த மாணவர்களை 'அண்ணா' என்கிறார்கள். குமரகுரு அண்ணா, அந்த அண்ணா, இந்த அண்ணா. எனக்கு மற்றவர்களை அப்படிக் கூப்பிட வருகிறது. இவரை மட்டும் வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எதிரில் போய் நின்று, அவராகப் பார்க்கும்வரை காத்திருக்கிறேன். கூச்ச சுபாவம்தான் காரணம்.

ஜூன் 20, வெள்ளி

ஏறிவிட்டன!

குமரகுரு திரையில் பட்டை வரைபடத்தைப் போட்டார். மருந்து தின்னாத நோய் ஈக்களின் பட்டை குட்டை. கே-7 தின்றவற்றின் பட்டை அதைப்போல் இரண்டு மடங்கு. மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "குரு, இது நெஜமாடா?" "மூணு தடவை பாத்துட்டேனுங்க மேடம்." ஜெனிட்டா விசில் அடித்தாள். கேள்வி கேட்க எல்லோரும் மறந்துவிட்டதால் அடுத்த வாரம் எல்லோரும் பன் வாங்க வேண்டும். பன் மலையாகக் குவியப்போகிறது.

கட்டுரை எழுதி அடுத்த மாதம் அனுப்புவதென்று முடிவு.

ஜூன் 24, செவ்வாய்

நுண்ணோக்கியில் ஆண் ஈ, பெண் ஈ பிரித்துக்கொண்டிருந்தோம். ஓவியத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பிரிக்க வேண்டும். தலையைத் தூக்காமலே குமரகுரு பேசினார்.

"எங்கம்மாளுக்கு இந்த நோவுதானுங்க. கை நடுக்கம் வந்து நாலு வருசமாச்சு. அதுக்கும் முன்னால ரெண்டு வருசம் சும்மா செவுத்தப் பாத்து ஒக்காந்திருந்தாங்க. தறி ஓட்டறவங்க, ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டாங்க. திடீர்னு எதுலயும் மனசில்லை. சோம்பேறின்னு எங்கய்யன் திட்டுவாரு. நானுந்தான் திட்டியிருக்கேன்."

என் பக்கத்து ஈக்களில் பாதியை அவர் பக்கம் தள்ளிவிட்டேன் போல. எண்ணிக்கை தப்பிவிட்டது. மறுபடி முதலில் இருந்து எண்ணினோம். இரண்டு பேருக்கும் அதில் வருத்தமில்லை.

ஜூலை 1, செவ்வாய்

கட்டுரைக்குக் காணொளி வேண்டுமாம். குமரகுரு தட்ட, நான் படமெடுத்தேன். மேசையில் மௌஸ் பேட் போட்டு, அதன்மேல் குழாயை மூன்று தட்டு. எடுத்து நிறுத்தினால் ஈக்கள் ஏறத் தொடங்கும்.

களக்காட்டில் எங்கள் வீடு கடைக்குப் பின்னால் ஒரே சுவர். படித்துக்கொண்டே காதை அங்கே வைத்திருப்பேன். அப்பா கல்லில் கொத்தும் சத்தத்தை வைத்தே, வந்திருப்பவர் அவருக்குப் பிடித்த ஆளா, பிடிக்காத ஆளா என்று அம்மாவிடம் சொல்லிவிடுவேன். பிடித்தவர் என்றால் சத்தம் ஆடும். பிடிக்காதவர் என்றால் இடிக்கும். ஒரு நாளும் தப்பியதில்லை.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தூக்கம் வருகிறது.

ஜூலை 3, வியாழன்

காதில் ஏதோ கோளாறு. சளி பிடித்திருக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

குமரகுரு அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போக ஊருக்குப் போயிருக்கிறார். ஒரு சுற்று நான் தட்டி எண்ண வேண்டும். எண்ணினேன். மருந்து தின்றதும் தின்னாததும் ஒரே உயரம்தான்.

மேடம் என் எண்களைப் பார்த்துவிட்டு, "கை பழகணும்மா, பரவாயில்லை" என்றார். என் சுற்றைக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னார்.

ஜூலை 9, புதன்

ஜெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. "ஏ பிள்ளே, தட்டுற சத்தத்துல வித்தியாசமா?" உடனே சோதனை வைத்தாள். காணொளியை அவள் போட்டுப் போட்டு நிறுத்த, நான் கட்டிலில் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன்.

"இது?"

"மருந்து."

"இது?"

"மருந்தில்லாதது. இடிக்கு பாரு."

எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஜெனிட்டா கட்டில்மேல் ஏறிக் கத்திய கத்தலில் வார்டன் வந்துவிட்டார். பல்லி என்று சொன்னோம்.

வார்டன் போனபிறகுதான் விஷயம் உறைத்தது. மருந்து உள்ள குழாயைக் குமரகுருவின் கை மெதுவாகத் தட்டுகிறது. மெதுவாகத் தட்டினால் பாதி ஈ கீழே விழுவதே இல்லை, சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு கோட்டைத் தாண்டுவதற்கு என்ன கஷ்டம்? அவருக்குத் தெரியாமலே கை அப்படிச் செய்கிறது. ஆசைப்படுகிற கை.

"சொல்லணும் மக்கா" என்றாள் ஜெனிட்டா.

"நீ சொல்லேன்."

"கேட்டது ஒன் காது. நான் என்னத்தச் சொல்ல?"

ஜூலை 10, வியாழன்

எல்லோர் முன்னாலும் சொல்வதைவிட அவரிடம் தனியாகச் சொல்வது மரியாதை என்று தோன்றியது. அவர் மேசைக்குப் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஸ்டேப்ளர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

கூட்டத்தில் வாயைத் திறந்தேன். கொட்டாவி வந்தது. பன்.

ஜூலை 16, புதன்

என் மேசையில் இப்போது மூன்று ஸ்டேப்ளர் இருக்கிறது.

கட்டுரை திங்கட்கிழமை போகிறது.

ஜூலை 18, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

மேடம் "வேற கேள்வி?" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமலே எழப் போனார். என் கை தானாக மேலே போயிருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். யாரோ, "ஐயோ, அப்ப பன்னு?" என்றார்கள்.

"குழாய்ல எழுதியிருக்குறதைப் பாக்காம தட்டினாலும் இப்படியே வருமா மேடம்?"

எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஏம்மா கேக்கற?"

சத்தம் வேறுமாதிரி கேட்கிறது என்றேன். யாருக்கும் புரியவில்லை. அப்பாவின் கொத்துப்பரோட்டாவைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், குமரகுருவும்தான். பிறகு காணொளியைப் போடச் சொன்னேன், திரையை அணைத்துவிட்டு. தட்டும் சத்தம் மட்டும் அறையில் கேட்டது. முதல் குழாய். இரண்டாவது குழாய். மூன்றாவது வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

குமரகுரு தன் வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டுரை நிக்கட்டும்" என்றார் மேடம்.

ஜூலை 22, செவ்வாய்

மருந்தின் பெயரைக் குழாயிலிருந்து அழித்துவிட்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினோம். எந்த நிறம் எந்தத் தீனி என்பது ஜெனிட்டாவுக்கு மட்டும் தெரியும். ஈக்குழாய்கள் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கின்றன, முளைப்பாரி எடுக்கக் கிளம்பியவை மாதிரி. "இதுல மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளை எது?" என்று மேடம்கூடக் கேட்டார்.

குமரகுரு தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். என்னோடு பேசவில்லை.

ஜூலை 25, வெள்ளி

எல்லாப் பொட்டும் ஒரே உயரம்.

ஜூலை 26, சனி

அம்மா போனில் "ஏட்டி, குரல் ஒரு மாதிரி இருக்கே?" என்றாள். சளி என்றேன். "ஒனக்கு ஒரு மாசமா சளியா?" என்றாள்.

ஜூலை 30, புதன்

காலையில் தீனி கிண்டிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. கொக்கு நிழல்.

"நீங்க பாட்டுக்குப் பன்னு வாங்கிக் குடுத்துட்டே இருந்திருக்கலாமுங்க" என்றார்.

கிண்டுவதை நிறுத்திவிட்டேன். அழுகை வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒழுங்கான சிரிப்பு இல்லை, பாதிதான்.

"கட்டி விழுந்துரும், கிண்டுங்க. கட்டுரை வெளிய வந்த பொறகு வேற ஒருத்தன் சொல்லியிருந்தா நான் என்னாயிருப்பேன்? நீங்க சொன்னதே நல்லதுங்க. ஆனா ஒண்ணு. நான் வேணும்னு தட்டலீங்க."

"தெரியும்."

"எங்கம்மா ஒக்காந்தா எந்திரிக்கறதே இல்லீங்க. எந்திரிக்கணும்னு தோணாதாட்ட இருக்குது. இந்த ஈயைப் பாக்கறப்ப எந்திரிக்கப் பாக்கற மாதிரி இருந்துச்சுங்க. அதுல ஏமாந்துட்டேன்."

அப்போது என் வாயிலிருந்து அது வந்தது. யோசித்துச் சொன்னதில்லை.

"எந்திரிக்கப் பாக்கத்தானே செய்யுது?"

"என்னதுங்க?"

"பொட்டு வச்ச குழாய்லயும் பாத்தேன். சில குழாய்ல ஈ விழுந்தா விழுந்தபடியே கெடக்கு. சிலதுல ரெண்டு விரல் உயரம் ஏறி விழுது, திரும்ப ஏறுது, திரும்ப விழுது. கோட்டைத் தாண்டாததால நாம எண்ணலை. எங்க மாமா ஸ்கூட்டர் பழகின மாதிரி."

"எந்தக் குழாய்லீங்க?"

"எந்த நிறம்னு கவனிக்கலை. சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

தீனி அடிப்பிடித்துவிட்டது. நான் இங்கே வந்து முதல் தடவையாக. ஆய்வுக்கூடம் முழுக்கப் பாயசம் தீய்ந்த வாசனை. யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மறுபடி பொட்டு. புதுப் பாக்கெட், புது நிறங்கள், எந்த நிறம் எது என்ற சீட்டு ஜெனிட்டாவிடம். இந்தத் தடவை கையே வேண்டாமென்று குமரகுரு ஒரு மரச்சட்டம் செய்துவிட்டார். எல்லாக் குழாயையும் அதில் மாட்டி, கயிற்றை விட்டால், ஒரே உயரத்திலிருந்து ஒரே சத்தத்தோடு விழும். சத்தத்தைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, "ஒண்ணுபோல இருக்கு" என்று சான்று கொடுத்தேன். விஞ்ஞானத்தில் என் முதல் பதவி.

இப்போது எண்ணுவது உயரத்தை இல்லை. ஒவ்வோர் ஈயும் எத்தனை முறை ஏற முயன்றது என்று. நானும் அவரும் தனித்தனியாக எண்ணிப் பிறகு ஒப்பிடுகிறோம். கையில் ஆளுக்கொரு எண்ணும் கருவி, ஒரு முயற்சிக்கு ஓர் அமுக்கு. டிக், டிக் என்று இருவரும் ஒரே நேரத்தில் அமுக்கும்போது நன்றாக இருக்கிறது. அறிவியல் ரீதியாகச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தேநீர் குடிக்கும்போது திடீரென்று கேட்டார்: "எல்லாரும் என்னை அண்ணாங்கறாங்க. நீங்க மட்டும் ஒருதடவைகூடக் கூப்பிட்டதில்லீங்களே?"

"மறந்து போச்சு" என்றேன்.

அவர் கோப்பையைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவினார்.

"அப்படியே மறந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாப்பிட மறந்துவிட்டேன். இரவு ஜெனிட்டா, "ஏன் சுவரைப் பாத்துச் சிரிக்க?" என்றாள். பல்லி என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஜெனிட்டா நிறச் சீட்டைப் பிரித்தாள். அதை வைத்துக்கொண்டு தேர்தல் முடிவு அறிவிப்பது போல இழுத்தாள். "மஞ்சப் பொட்டு... ஏறின உயரம், எல்லாரையும் போலத்தான். முயற்சி... கொறைவு. மஞ்சள் யாருன்னா... மருந்தில்லாத நோய் ஈ!"

குமரகுரு என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்காலி நடுங்கியது. நானும் நடுங்கிக்கொண்டிருந்ததால், யாரால் என்று சொல்ல முடியாது.

"பச்சைப் பொட்டு. உயரம், அதே. முயற்சி... ஏறக்கொறைய ரெண்டு மடங்கு. பச்சை யாருன்னா..."

"சொல்லித் தொலைடி!" என்று கத்தியது மேடம்.

"கே-7!"

அதற்குப்பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று நினைவில்லை. மேடம்தான் எல்லோரையும் உட்காரவைத்தார். "யாரும் குதிக்க வேண்டாம். இது ஒரு தடவை. இன்னும் மூணு தடவை வரணும். ஈ வேற, மனுஷன் வேற." சொல்லிவிட்டு அவரே உட்காரவில்லை. "நடுக்கம் வர்றதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே பலருக்கு மனச்சோர்வு வந்துடுது. எனக்குத் தெரியும், வகுப்புல சொல்லித்தர்றேன். ஆனா இங்க கோட்டைப் போட்டு வெச்சுக்கிட்டு ஈயோட காலை மட்டும் பாத்துட்டிருந்தோம். ஏற முடியலைங்கறது ஒண்ணு. ஏறணும்னே தோணலைங்கறது இன்னொண்ணு. ஜெனிட்டா, இனி ஒன் எலியும் இவங்க ஈயும் ஒரே வேலை."

குமரகுரு மெதுவாகச் சொன்னார்: "மேடம், ஏறக்கூட வேண்டாமுங்க. எந்திரிக்கணும்னு தோணினாலே போதுமுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் ஈ எதுவும் இல்லை.

பிறகு கேள்வி நேரம். நான் இரண்டு கேட்டேன். பன் வாங்க ஆளில்லாததால் மேடமே பணம் கொடுத்து வாங்கிவரச் சொன்னார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். ஒரு மருந்து ஈயை ஏறவைக்கவில்லை, ஆனால் திரும்பத் திரும்ப ஏறப்பார்க்க வைக்கிறது என்று.

"ஏளா, அந்த மருந்தை எங்க கடைப் பக்கம் கொண்டாந்துராத. இங்க உள்ளது இப்பவே போதும் போதும்ங்கிற அளவுக்கு முயற்சி பண்ணுது."

பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பையன் அம்மைய டாக்டர்ட்ட மனசுக்கும் சேத்துப் பாக்கச் சொல்லு" என்றார். நான் குமரகுருவின் அம்மாவைப் பற்றிச் சொன்னதே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் போன மாதம் முழுக்க அவரைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறேன் போல.

செப்டம்பர் 2, செவ்வாய்

இரண்டாவது சுற்றிலும் கே-7தான் முன்னால், அதாவது பச்சை. இந்தத் தடவை பச்சை என்பது ஊதா.

குமரகுருவின் அம்மாவுக்கு மருத்துவர் மனச்சோர்வுக்கும் தனியாக மருந்து கொடுத்திருக்கிறார். எங்கள் மருந்து இல்லை, ஏற்கெனவே உள்ளதுதான். வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகுமாம். ஆனால் அவர் அப்பா இனி திட்டமாட்டாராம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் சுவரைப் பார்க்கிறாராம்.

செப்டம்பர் 5, வெள்ளி

மதியம் ஈ அறையில் தனியாக எண்ணிக்கொண்டிருந்தேன். கதவில் சதுரக் கண்ணாடி இருக்கிறது. குமரகுரு அந்தப் பக்கம் வந்து நின்றார். புதுச் சட்டை. கையில் தேங்காய் பன். இன்று கூட்டத்தில் அவர் கேள்வி கேட்டிருந்தார், பன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கதவில் கை வைத்தார். ஏதோ தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். திரும்பிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார். கைப்பிடியைத் தொட்டார். போய்விட்டார்.

மறுபடி. இந்தத் தடவை பாதிக் கதவு திறந்தது. "ஸ்டேப்ளர் இருக்குதுங்களா?" என்றார். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சட்டைக் கையில் ஓர் ஊதாப் பொட்டு ஒட்டியிருந்தது, அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

இதோ, மறுபடி கண்ணாடியில் கொக்கு நிழல்.

நான் தலையைத் தூக்கவில்லை. கையில் எண்ணும் கருவி இருக்கிறது. டிக். நான்கு.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதை நல்ல அறிகுறி என்போம்.